மாளிகைக் கதவு திறந்திருக்கிறது. கணக்குப் புத்தகம் எங்கே?

பிரிட்டனின் பிரபுக்கள் வாழ்ந்த பழைய மாளிகைகளும் அவற்றின் பூந்தோட்டங்களும் இன்று பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டிருக்கின்றன. சீட்டு வாங்கினால் யாரும் போகலாம். பிரபு சாப்பிட்ட மேஜையைப் பார்க்கலாம், படுத்த கட்டிலைப் பார்க்கலாம், உலாவிய தோட்டத்தில் நாமும் உலாவலாம். வாசலில் ஒருவர் நின்று வணக்கம் சொல்லி வரவேற்பார். தேநீரும் கிடைக்கும்.

நல்லதுதான். ஆயிரம் பேர் உழைப்பில் எழுந்த மாளிகையை ஒரு குடும்பம் பூட்டி வைத்துக்கொண்டிருந்த காலம் போய், உழைக்கிறவனும் உள்ளே நுழைகிறான் என்றால் அதை யார் குறை சொல்வார்கள்? ஆனால் சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளிக்கும், கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கும் இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை இருக்கிறது. அந்த மாளிகைகளில் சிலவற்றின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், நம் பக்கத்து ஊர்களின் பெயர்கள் அதில் வரும்.

பொவிஸ் கோட்டை

வேல்ஸ் நாட்டில், இங்கிலாந்தின் எல்லையை ஒட்டி, பொவிஸ் கோட்டை என்று ஒன்று இருக்கிறது. பாறைமேல் சிவப்புக் கல்லால் கட்டிய கோட்டை. அதன் கீழே படிப்படியாக இறங்கும் தோட்டம். நம் மலையடிவாரத்து வயல் வரப்புகளைப் போல அடுக்கடுக்காக மேடை கட்டி, ஒவ்வொரு மேடையிலும் பூச்செடி வைத்திருக்கிறார்கள். 1952 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

தோட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனால், கிளைவ் காட்சிசாலை என்று ஓர் அறை. அங்கே நம் நாட்டிலிருந்து போன சாமான்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. வாள், கேடயம், தந்தச் சாமான், பல்லக்கு. திப்பு சுல்தானின் சிம்மாசனத்தை அலங்கரித்த தங்கப் புலித்தலை ஒன்று. திப்புவின் கூடாரம் ஒன்று. அந்தக் கூடாரம் பருத்தித் துணியால் ஆனது. பூவேலை செய்து சாயம் தோய்த்த துணி. இருநூற்றைம்பது ஆண்டு கடந்தும் சாயம் மங்கவில்லை. நூல் நூற்றவளின் பெயர் தெரியாது. நெய்தவன் பெயர் தெரியாது. சாயம் போட்டவன் பெயர் தெரியாது. யுத்த களத்தில் ஓர் அரசன் தங்கிய அந்தக் கூடாரத்தைப் பொவிஸ் குடும்பத்தார் தங்கள் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டுக்கொண்டார்கள்.

இவை எப்படி அங்கே போயின? வாங்கியவர் யார், விற்றவர் யார்?

தகப்பனும் மகனும்

ராபர்ட் கிளைவ் 1751ல் ஆர்க்காட்டுக் கோட்டையில் நின்று பெயர் எடுத்தவர். 1757ல் பிளாசியில் சூழ்ச்சியால் வங்காளத்தைப் பிடித்தார். அந்த வெற்றிக்குக் கைமாறாக நவாபிடமிருந்து அவர் தமக்கென்று பெற்றுக்கொண்டது 2,34,000 பவுன். அதற்கு மேல் ஆண்டுக்கு 27,000 பவுன் வருமானம் வரும் ஜாகீர். கும்பினியின் குமாஸ்தாவாகக் கப்பலேறி வந்தவர் இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவராகத் திரும்பினார்.

அவருடைய மகன் எட்வர்டு கிளைவ். 1784ல் இவர் பொவிஸ் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். அந்தக் குடும்பத்திடம் பழைய பட்டம் இருந்தது, கோட்டை இருந்தது, கூடவே கடனும் இருந்தது. கிளைவ் குடும்பத்திடம் பணம் இருந்தது. பட்டமும் பணமும் கை கோத்தன. ஒழுகிக்கொண்டிருந்த கோட்டைக்குப் புதுக் கூரை வந்த கதை இதுதான்.

இந்த எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தார். அந்த ஐந்து வருஷத்தில் நடந்தவற்றை நம் ஜில்லாக்காரர் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்தில் மடிந்தார். சிப்பாயிலிருந்து சேனாபதி வரை கொள்ளையைப் பங்கு போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 16ந் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1ந் தேதி கவர்னர் கிளைவின் பெயரில் ஒரு பிரகடனம் வந்தது: தென்னாட்டு மக்கள் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது.

1804ல் எட்வர்டு கிளைவுக்குப் பொவிஸ் பிரபு என்ற பட்டம் கிடைத்தது.

தோழர்களே, இரண்டு கோட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஞ்சாலங்குறிச்சியில் மண்மேடுதான் மிஞ்சியது. இப்போது அங்கே நாம் பார்க்கும் கோட்டை, 1974ல் தமிழ்நாடு அரசு நினைவாகக் கட்டியது. பொவிஸ் கோட்டையோ ஒரு கல்லும் பெயராமல் நிற்கிறது. அதன் தோட்டத்தைப் பார்க்க இன்றும் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கோட்டை இடிந்ததும் இன்னொரு கோட்டை செழித்ததும் ஒரே கவர்னரின் கணக்கில் எழுதப்பட்ட இரண்டு வரிகள்.

நெற்கட்டும்செவலின் பதில்

இந்தக் கணக்கு 1799ல் தொடங்கியதும் இல்லை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி கும்பினிக்குப் படைச்செலவு பாக்கி. கும்பினி உத்தியோகஸ்தர்களிடம் தனித்தனியாகவும் கடன். அந்தக் கடனுக்கு ஈடாக அவர் எழுதிக் கொடுத்தது அரண்மனை நகையை மட்டும் அல்ல. ஊர் ஊராக நிலவரி வசூலையே எழுதிக் கொடுத்தார். வட்டி குட்டி போட்டது. கடன் கொடுத்த துரை சென்னையில் சாய்வு நாற்காலியில் இருந்தார். வட்டி கட்டியவன் தாமிரவருணிக் கரையிலும் தஞ்சாவூர் வயலிலும் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அப்படிப் பணம் குவித்தவர்களில் ஒருவர் பால் பென்பீல்டு. இவரையும் இவர் போன்றவர்களையும் 1785ல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே கிழித்துத் தோரணம் கட்டினார். 1778 முதல் 1780 வரை சென்னை கவர்னராக இருந்த தாமஸ் ரம்போல்டு இங்கிலாந்தில் உட்ஹால் என்ற இடத்தில் ஒரு மாளிகை கட்டினார். பின்னால் அதே மாளிகையை விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? இந்தப் பென்பீல்டுதான். சென்னைப் பணம் கட்டிய வீட்டைச் சென்னைப் பணமே வாங்கிக்கொண்டது. இன்று அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது.

அந்தப் பணத்தின் ஊற்றுக்கண் நம் பக்கம்தான். 1755ல் கர்னல் ஹெரான் நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு படை திரட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சீமைக்கு வந்தது தோட்டம் பார்க்க அல்ல; கிஸ்தி வசூலிக்க. சங்கரன்கோவிலுக்கு அருகே நெற்கட்டும்செவலில் புலித்தேவர் கட்ட மறுத்தார். கோட்டை மதிலைத் தகர்க்கப் பெரிய பீரங்கி இல்லாமல் ஹெரான் திரும்பிப் போக நேர்ந்தது. பின்னர் 1761ல் யூசுப்கான் வந்துதான் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பிடிபட்டன. பிடிபட்ட புலித்தேவர் சங்கரன்கோவில் கோவிலுக்குள் நுழைந்து ஒளியாக மறைந்துவிட்டார் என்று ஜனங்கள் சொல்லி வருகிறார்கள். ஆடித்தபசுக்குக் கோவிலில் கூடும் கூட்டத்தில் இந்தக் கதையை அறியாதவர்கள் குறைவு. தங்கள் பக்கம் நின்றவன் எதிரி கையால் சாகக் கூடாது என்று ஏழை ஜனங்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசை கதையாயிற்று.

அந்தப் போரில் நின்றவர்கள் தலைவர் ஒருவர் மட்டும் அல்ல. ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி என்ற படைத்தலைவர்களின் பெயரை நாட்டுப்புறக் கதைகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. இவர்கள் ஒடுக்கப்பட்ட உழைப்பாளி ஜாதிகளில் பிறந்தவர்கள். இவர்களுக்குப் பின்னால் நின்ற நூற்றுக்கணக்கான பேரின் பெயர் கதையிலும் இல்லை, கல்லிலும் இல்லை.

கதவைத் திறந்தது யார்?

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். பிரபுக்கள் பெருந்தன்மையால் மாளிகையைத் திறந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது முழுக் கதை ஆகாது. 1894 முதல் இறந்தவரின் சொத்துக்கு அங்கே வரி வந்தது. நாளடைவில் வரி ஏறியது. தொழிலாளி வர்க்கம் வோட்டுரிமை பெற்று, சங்கம் கட்டி, பார்லிமெண்டில் பலம் பெற்றதோடு சேர்ந்து வந்த ஏற்றம் அது. 1950ல் பத்தாவது டெவன்ஷயர் பிரபு இறந்தபோது வரி 80 சதவீதம். வரிக்கு ஈடாக ஹார்ட்விக் என்ற இன்னொரு மாளிகையையும் ஓவியங்களையும் நிலங்களையும் அந்தக் குடும்பம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. 1949ல் லாங்லீட் மாளிகையின் பிரபு சீட்டு விற்று ஜனங்களை உள்ளே விடத் தொடங்கினார். வரி கதவைத் தட்டிய பிறகுதான் கதவு திறந்தது.

வெள்ளைக்காரன் எல்லாரும் நம்மைச் சுரண்டித் தின்றான் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, அந்தத் தோட்டங்கள் எப்படி உண்டாயின? மில்ட்டன் பிரபு என்பவர் தம் மாளிகை முற்றத்திலிருந்து பார்த்தால் ஒரு சிற்றூர் கண்ணை உறுத்துகிறது என்று, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்த ஊரையே இடித்துத் தள்ளினார். தோட்டக்கலை மேதை என்று புகழப்படும் பிரவுன் அங்கே பூங்கா அமைத்தார். இடிந்த ஊருக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் மில்ட்டன் அப்பாஸ் என்ற புது ஊர் வந்தது. சாட்ஸ்வொர்த் மாளிகையிலும் இதே கதை; பிரபுவின் பார்வையில் பட்ட குடிசைகள் அப்புறப்படுத்தப்பட்டன. இந்தத் தோட்டங்களில் இன்னொரு தந்திரமும் உண்டு. ஆடு மாடு மாளிகைப் பக்கம் வரக் கூடாது. ஆனால் வேலி கண்ணில் படவும் கூடாது. அதற்காகச் சரிவாகப் பள்ளம் வெட்டி, அதற்குள் சுவர் எழுப்பி மறைத்து வைப்பார்கள். மாளிகையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பசும்புல் வெளி. வெளியிலிருந்து வருகிறவனைப் பள்ளத்துச் சுவர் தடுத்துவிடும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹா-ஹா'! நிலப்பிரபுத்துவத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நாம் வைத்திருக்க முடியாது.

இரண்டாவது, கிண்டர் ஸ்கவுட் மலை. மான்செஸ்டர் நகரத்து மில் தொழிலாளிகளுக்கும் ஒர்க்‌ஷாப் தொழிலாளிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஓய்வு. வாரம் ஆறு நாள் பஞ்சுத் தூசியும் புகையும் சுவாசித்தவர்கள், பக்கத்து மலையில் கொஞ்சம் நல்ல காற்று வாங்கலாம் என்றால் முடியாது. பாபநாசத்து மில் தொழிலாளி அருவிக்குப் போவதை யாராவது தடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அங்கே இருந்தது. மலை பிரபுவுக்குச் சொந்தம். ஆண்டில் சில நாள் அவர் பறவை வேட்டை ஆட வேண்டும். அதற்காக ஆண்டு முழுவதும் ஜனங்கள் நுழையக் கூடாது. காவலுக்குத் தடிக்காரர்கள்.

1932 ஏப்ரல் 24ந் தேதி நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் தடையை மீறி மலை ஏறினார்கள். முன்னே நின்றவர் பென்னி ரோத்மன் என்ற 20 வயது இளைஞர், கம்யூனிஸ்ட் வாலிபர் சங்கத்துக்காரர். ஐந்து பேருக்கு 2 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை. எந்தப் பிரபுவின் மலை? சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்ஷயர் பிரபுவின் மலை. 1949ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951ல் அந்த மலைப் பிரதேசமே நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2002ல், எழுபது ஆண்டுக்குப் பிறகு, அந்தப் பரம்பரையின் பதினோராவது பிரபு தம் பாட்டனார் செய்தது பெருந்தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் 1908ல் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. அவர்களோடு நின்றார், அந்த ஆண்டே சிறை புகுந்தார். மான்செஸ்டர் தொழிலாளிக்கும் தூத்துக்குடித் தொழிலாளிக்கும் சிறைக் கதவைக் காட்டியது ஒரே வர்க்கம். ஆகவே நம் சண்டை அந்த நாட்டு ஜனங்களோடு இல்லை.

ஓர் அறிக்கையும் ஒரு கூப்பாடும்

2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பிலுள்ள மாளிகைகளில் 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று பட்டியல் போட்டது. அதில் பொவிஸ் கோட்டையும் உண்டு. உடனே பெரும் கூப்பாடு எழுந்தது. பழமைவாதப் பத்திரிகைகள் எரிந்து விழுந்தன. கன்சர்வேடிவ் கட்சி எம்.பி.க்கள் கடிதம் எழுதினார்கள். "பூவைப் பார்க்க வந்தவனுக்குப் பாவ புராணம் எதற்கு?" என்பதுதான் கூப்பாட்டின் சாரம். அறக்கட்டளைகளை மேற்பார்வை செய்யும் கமிஷன் விசாரித்து, 2021 மார்ச்சில், இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது.

கூப்பாடு போட்டவர்கள் ஏன் பயந்தார்கள்? மாளிகையை இடிக்க யாரும் சொல்லவில்லை. பூச்செடியைப் பிடுங்க யாரும் சொல்லவில்லை. வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பலகையில் எழுதி வைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிரபுக்களுக்குக் கதவைத் திறப்பதில் ஆட்சேபம் இல்லை, சீட்டுப் பணம் கிடைக்கிறது. கணக்குப் புத்தகத்தைத் திறப்பதுதான் கசக்கிறது. சொத்தின் கதை தெரிந்தால் சொத்தின் மேல் உள்ள மயக்கம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

திப்புவின் கூடாரமும் சிம்மாசனத்துப் புலித்தலையும் திரும்பி வர வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்க வேண்டும். வரும்வரை, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கயத்தாற்றின் பெயரும் பாஞ்சாலங்குறிச்சியின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

ஊரான் கணக்கைக் கேட்கிறவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும் அல்லவா?

நம் பக்கமும் அரண்மனைகள் உண்டு. பத்மநாபபுரம் இருக்கிறது; மதுரையில் திருமலை நாயக்கர் மஹால் இருக்கிறது. சீட்டு வாங்கி நாமும் பார்க்கிறோம். தூணின் பருமனை அளந்து பார்த்து வியக்கிறோம். அந்தத் தூணை நிறுத்தியவன் என்ன கூலி வாங்கினான், நிறுத்தும்போது எத்தனை பேர் நசுங்கினார்கள் என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

பாளையக்காரர் படையை ஒடுக்கிய கும்பினி, 1803ல் மிஞ்சிய பாளையங்களை ஜமீன்களாக ஆக்கியது. வாளைப் பிடுங்கிக்கொண்டு பட்டா கொடுத்தது. அன்று முதல் ஜமீன்தாருக்கு வேலை என்ன? சர்க்காருக்குக் குறித்த பேஷ்குஷைக் கட்டிவிட்டு மீதியைக் குடியானவனிடம் கறப்பது. நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் இது நடந்தது. குடியானவர்களின் போராட்டத்தின் பலனாக 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. சிவகிரியிலும் எட்டயபுரத்திலும் ஜமீன் மாளிகை கட்டிய பணம் எந்தக் களத்து நெல், எந்தக் கரிசலின் பருத்தி என்று கேட்டால் அந்தந்த ஊர்க் கிழவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரனை எதிர்த்த பாளையக்காரரைப் போற்றுவோம். அதற்காக அவருக்குப் பின்னால் வந்த ஜமீன்தாரின் பட்டறைச் சவுக்கை மறந்துவிட முடியாது. எதிர்த்த பாளையக்காரரும் கிஸ்தி கேட்டவர்களுக்குக் கொடுக்க மறுத்தது குடியானவன் விளைவித்த தானியத்தைத்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே நம் கோரிக்கைகள் சுருக்கமானவை.

நெற்கட்டும்செவலிலும் பாஞ்சாலங்குறிச்சியிலும் மற்ற நினைவிடங்களிலும், தலைவரின் சிலையோடு, அவரோடு நின்ற சேர்வைக்காரர்கள், காலாட்கள், கோட்டைக்கு மண் சுமந்தவர்கள் கதையும் பலகையில் வர வேண்டும்.

ஜமீன் கச்சேரிகளின் பழைய கணக்குகளும் ஓலைகளும் செல்லுக்கும் கரையானுக்கும் இரையாகாமல், அரசு எடுத்துக் காக்க வேண்டும். நூலகத்தில் யாரும் கேட்டுப் படிக்க வகை செய்ய வேண்டும். அது வெறும் சரித்திரக் காகிதம் இல்லை. எந்த நிலத்தை யார் உழுதார்கள் என்பதற்குச் சாட்சி.

நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் நம் தாய்மார்கள் பாடும் கதைப்பாட்டுகளை, பாடுகிறவர்கள் இருக்கும்போதே பதிந்து வைக்க வேண்டும். இதற்கு அரசைக் காத்திருக்க வேண்டியதில்லை. எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். கையில் செல்போன் இருந்தால் இன்னும் சுலபம்.

கடைசியாக, இந்த இடங்களைப் பெருக்கித் துடைத்து, செடிக்குத் தண்ணீர் விட்டு, வாசலில் நின்று வழி காட்டுகிறவர்களுக்கு நியாயமான சம்பளமும் நிரந்தர வேலையும் வேண்டும். நேற்றைய உழைப்பாளியின் கதையைச் சொல்லும் இடத்தில் இன்றைய உழைப்பாளி தினக்கூலிக்குத் தவிக்கக் கூடாது.

மாளிகையைப் பார்க்கப் போகாதீர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். போங்கள்; பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். பூவைப் பார்க்கட்டும், தூணைப் பார்க்கட்டும். பார்த்து முடித்ததும், "இதைக் கட்டியது யார்? காசு யாருடையது?" என்று வழிகாட்டியிடம் உரக்கக் கேட்கப் பழக்குங்கள். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பார்கள். பத்தாயிரம் பேர் கேட்டால் பலகை எழுதித்தான் ஆக வேண்டும்.